அறுந்து அறுந்து வரும் இணைப்பில் கிற்: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

இங்கே மதிப்பிடப்படுவது கிற் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், அதாவது ஒரு நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கருவி. அதன்மேல் எழுந்து, நிரல்களை வைத்துப் பகிர இடந்தரும் கிற்ஹப் இணையத்தளம் வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொண்டே எங்கள் மாணவர்களிற் பலர் முதலாம் ஆண்டைக் கடந்துவிடுகிறார்கள். அந்த மயக்கத்தால், கருவிக்குச் சேரவேண்டிய பாராட்டு தளத்துக்கும், தளத்தையும் அதைச் சூழ்ந்தவற்றையும் சாரவேண்டிய குறை கருவிக்கும் போய்ச் சேருகின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள பம்பைமடுவில் படித்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து, மூல நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத் திட்டங்களுக்கு நிரல் திருத்தங்கள் அனுப்பிவரும் ஒரு மாணவனின் நிலையில் நின்று இதனை எழுதுகிறேன். கிற் பற்றிய மதிப்பீடுகள் எத்தனையோ எழுதப்பட்டுள்ளன. அவற்றில் அநேகமானவை, இணைய இணைப்பு என்பது குழாயில் தண்ணீர் வருவதுபோல் எப்போதும் வந்துகொண்டிருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. இணைப்பு அற்றும் மெலிந்தும் வரும் ஊரில் இந்தக் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதே எனது கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிற் வன்னிக்கென்றே செய்தது போன்ற கருவி, அதன் வாசற்படி மட்டும் மிக உயரமானது.

விலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது இலவசம், குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வெளியிடப்படுவதால், விரும்பியவர் அதன் மூல நிரலையும் திறந்து பார்க்கலாம். விண்டோஸ் கணினிக்கான நிறுவி நூறு மெகாபைட்டுக்கும் குறைவு. உபுண்டுவில் ஒரு வரிக் கட்டளையால் சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். நான்கு ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய மடிக்கணினியிலும் தடுமாறாது ஓடுகிறது. புதிய கணினி வாங்கும் வசதி வரும்வரை காத்திருக்கவேண்டிய கருவி அன்று இது.

இதன் பிறப்பை அறிந்தால் இதன் இயல்பு விளங்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலை உருவாக்குவோர் பிற்கீப்பர் என்னும் தனியார் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2005இல் அந்தச் சலுகை விலக்கப்பட்டபோது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். சில நாள்களிலேயே கிற்றின் சொந்த நிரலைக் கிற்றே பதிந்து வைக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் சென்றது. இன்றுவரை அவரிடமே இருக்கிறது. உலகெங்கும் சிதறியிருந்து, ஒருவரையொருவர் பாராமலே வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோருக்காக எழுதப்பட்டதால், மையக் கணினி ஒன்று எப்போதும் விழித்திருக்கும் என்று இக்கருவி எதிர்பார்ப்பதில்லை. களஞ்சியத்தை, அதாவது ஒரு திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் மாற்றப் பதிவுகளும் அடங்கிய தொகுப்பை, ஒருமுறை இறக்கிக்கொண்ட ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கிறது. பழைய பதிவுகளைப் புரட்டுவது, இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவது, ஒரு வரியை யார் எதற்காக எழுதினார் என்று தேடுவது, மூலத்தைத் தொடாமல் தனியே மாற்றிப் பார்க்கப் புதுக் கிளை பிரிப்பது, வழு எந்தப் பதிவில் நுழைந்தது என்று பாதிபாதியாகப் பிரித்துக் கண்டுபிடிப்பது என எல்லாமே நம் வன்தட்டிலேயே நடக்கின்றன. இதற்கு முன் பரவலாக இருந்த சப்வேர்ஷன் என்னும் கருவியில் ஒரு திருத்தத்தைப் பதியவும் சேவையகம் வேண்டும். பழைய குறிப்புகளை வாசிக்கவும் சேவையகம் வேண்டும்.

2022இன் தொடக்க மாதங்களை நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி தெரியும். அந்த மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்சாரம் போனால் தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடும், இணையமும் போய்விடும். அப்போதும், மடிக்கணினியின் மின்கலத்தில் மிச்சமிருக்கும் நேரத்துக்குள் கிற்றில் எழுதிப் பதிந்து வைத்துவிட்டு, இணைப்பு வந்ததும் அனுப்பிவிட முடியும். அவ்வாறு அனுப்புவதற்குச் செலவாகும் டேற்றா பெரும்பாலும் ஒரு கைபேசிப் படத்தின் அளவுகூட இராது. மாற்றப்பட்டவை மட்டும் சுருக்கி அனுப்பப்படுவதால், சில வரித் திருத்தம் சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். திறந்த மூலச் சமூகங்களின் நடைமுறையும் இதற்கு இசைவானது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்து திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் பராமரிப்பாளர் நம் திருத்தத்தை உடனே பார்ப்பார் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. நாம் பகலில் அனுப்பியதற்கு இரவிலோ அடுத்த கிழமையோ பதில் வரும். அதற்கு நாமும் ஆறுதலாக மறுமொழி எழுதலாம். நேரடிக் காணொளிக் கூட்டங்களில் குரல் உடைந்து உடைந்து நின்றுபோகும் ஒருவர், இந்த முறையில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க முடிகிறது.

இனி அந்த உயரமான வாசற்படி. ஒரு திட்டத்தில் சேர முதலில் அதன் களஞ்சியத்தைக் குளோன் செய்யவேண்டும். அதாவது முழு வரலாற்றோடும் பிரதி எடுக்கவேண்டும். சிறிய பைத்தன் நூலகம் என்றால் இது ஒரு நிமிட வேலை. லினக்ஸ் கேர்னல் போன்ற திட்டத்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன. இறக்கவேண்டியது சில ஜிகாபைட். அளவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெருங்குறை வேறோர் இடத்தில் இருக்கிறது: சாதாரண குளோன் நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. தொண்ணூறு வீதம் இறங்கிய பிறகு இணைப்பு அறுந்தாலும், இறங்கிய அனைத்தையும் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த முறை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. செலவான டேற்றா செலவானதுதான். ஒரு சாதாரண திரைப்படக் கோப்பைத் தொடர்ந்து இறக்கும் வசதி எல்லா உலாவிகளிலும் இருக்கும் காலத்தில், இருபது ஆண்டு கடந்த ஒரு கருவியில் இது இல்லாதது எனக்கு இன்னும் விளங்காத குறை. சேவையகம் ஒவ்வொரு முறையும் பொதியை அந்நேரத்தில் கட்டி அனுப்புவதால், முன்பு அனுப்பியதும் இப்போது அனுப்புவதும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை என்பதே காரணம். காரணம் நியாயமானது, ஆனால் வருத்தம் குறைவதில்லை.

சுற்றுவழிகள் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. முதலாவது, ஆழம் ஒன்று என்று கட்டளையிட்டு இறுதிப் பதிப்பை மட்டும் இறக்குவது. டேற்றா மிகக் குறையும். ஆனால் வரலாறு இல்லாத களஞ்சியம் பாதிக் களஞ்சியந்தான். ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தெரியாமல் அதைத் திருத்தப் போகும் புதியவரைப் பராமரிப்பாளர்கள் ஒரு பதிலிலேயே இனங்கண்டுவிடுவார்கள். இரண்டாவது, பதிவுகளையும் கோப்பகப் பட்டியல்களையும் மட்டும் இறக்கிக்கொண்டு, பழைய கோப்புகளின் உள்ளடக்கத்தை வேண்டியபோது மட்டும் கேட்டுப் பெறும் பகுதிக் குளோன். பலர் இதனையே பரிந்துரைக்கிறார்கள், நான் பரிந்துரைக்கமாட்டேன். வேண்டியபோது கேட்பதென்றால், வேண்டியபோது இணைப்பு இருக்கவேண்டுமே. பழைய பதிப்பொன்றை ஒப்பிடப் போகும்போது கிற் சேவையகத்தைத் தேடத் தொடங்குகிறது. இக்கருவியைக் கொண்டாடியதற்கான காரணமே அங்கு இல்லாமற் போகிறது. கொழும்பில் நல்ல இணைப்போடு இருப்பவருக்கு அது பொருந்தலாம்.

மூன்றாவது வழியே இங்கு பொருந்தும். முதலில் ஆழம் ஒன்றோடு இறக்கிவிட்டு, பின்னர் நூறு பதிவுகள், ஐந்நூறு பதிவுகள் என்று வரலாற்றைச் சிறுசிறு தவணைகளில் ஆழப்படுத்தும் வசதி கிற்றில் உண்டு. ஒவ்வொரு தவணையும் முடிந்தால் அது நம்முடையது; நடுவில் அறுந்தால் அந்தத் தவணை மட்டுமே நட்டம். இரவு நேரத்துக்கான டேற்றாப் பொதி வைத்திருப்பவர்கள் இந்த வேலையை நள்ளிரவுக்குப் பின்னர் ஒரு சிறு நிரலிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கலாம்.

நான்காவதான பண்டில் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை. ஒரு களஞ்சியம் முழுவதையும், அல்லது குறிப்பிட்ட பதிவுக்குப் பின் வந்தவற்றை மட்டும், ஒரே கோப்பாகக் கட்டித்தரும் கட்டளை கிற்றிலேயே இருக்கிறது. அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஏ9 வீதியால் பஸ் ஏறினால் போதும். மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பக்கமாகப் போகும் நண்பர், அதைத் தன் கணினியில் செருகி, இணையத்திலிருந்து குளோன் செய்வதைப் போலவே அதிலிருந்து குளோன் செய்துகொள்ளலாம். பிறகு மூல முகவரியை மாற்றிவிட்டு, இடைப்பட்ட நாள்களில் வந்த புதிய பதிவுகளை மட்டும் கைபேசி இணைப்பால் பெற்றுக்கொள்ளலாம். கோப்பு பழுதின்றி வந்திருக்கிறதா என்று சரிபார்க்கவும் கட்டளை உண்டு. கேர்னல் திட்டத்தார் தம் சேவையகத்திலேயே இத்தகைய பண்டில் கோப்பை வைத்திருக்கிறார்கள். அது சாதாரணக் கோப்பு என்பதால், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய எந்த இறக்கக் கருவியாலும் அதனை இறக்கலாம். எல்லாப் பெரிய திட்டங்களும் இப்படிச் செய்தால் மேலே சொன்ன குறையில் பாதி தீர்ந்துவிடும். ஆனால் செய்பவர்கள் சிலரே. பல்கலைக்கழக இணைப்பில் ஒருவர் முழுக் களஞ்சியத்தையும் ஒருமுறை இறக்கி, விடுதியில் எல்லோருக்கும் பண்டிலாகப் பகிர்வதே எங்களுக்குச் சரிவந்த வழி.

மின்வெட்டைக் கிற் தாங்கும் என்றேன். அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மின்கலம் செத்துப்போன மடிக்கணினியை மின்செருகியில் மட்டும் நம்பி ஓட்டுபவர்கள் கவனிக்கவேண்டும். ஒரு பதிவு எழுதப்படும் அதே கணத்தில் மின்சாரம் போனால், தரவு வன்தட்டுக்குப் போய்ச் சேருமுன் கோப்பின் பெயர் மட்டும் பதிவாகி, உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக் கோப்பு எஞ்சக்கூடும். அடுத்த முறை கிற்றைத் திறந்தால், பொருட்கோப்பு (பதிவின் தரவை வைத்திருக்கும் கோப்பு) காலியாக இருக்கிறது என்று முறையிட்டு வேலை செய்ய மறுக்கும். அந்த வெற்றுக் கோப்பை நீக்கிவிட்டு, பழைய பதிவுகளை மூலத்திலிருந்து மீளப் பெறலாம். ஆனால் கடைசியாக எழுதியது இழப்பே. 2022இல் வந்த 2.36 வெளியீட்டிலிருந்து, எழுதியவற்றை உடனுக்குடன் வன்தட்டில் உறுதிப்படுத்தும் அளவை கோர்.எஃப்சிங்க் என்னும் அமைப்பால் கூட்டிக்கொள்ளலாம். லினக்ஸில், வேகத்தைக் கருதி, தனிப் பொருட்கோப்புகளுக்கு இது இயல்பாக இயங்குவதில்லை. வன்னியில் அந்த வேகம் நமக்கு வேண்டாம். நிறுவிய அன்றே இதனை மாற்றிவிடுவது நல்லது.

சமூகத்தோடு பழகும் பகுதிக்கு வருவோம். திறந்த மூலத்தில் நம்மை அறிமுகப்படுத்துவது நம் கொமிற் குறிப்பு, அதாவது ஒவ்வொரு பதிவோடும் நாம் எழுதும் விளக்கந்தான். அதைக் கேட்டு வாங்கும் விதத்தில் கிற் மிகக் கண்டிப்பான ஆசிரியர். முதல் வரி ஐம்பது எழுத்துக்கு அண்மையில் முடியவேண்டும், ஒரு வரி விட்டு விளக்கம் தொடரவேண்டும், என்ன செய்தோம் என்பதைக் காட்டிலும் ஏன் செய்தோம் என்பது அதில் இருக்கவேண்டும் என்ற மரபு கிற்றின் சொந்தத் திட்டத்திலும் வேறு பலவற்றிலும் உண்டு. உயர்தரம்வரை தமிழ் மொழிமூலம் படித்து வந்த எங்களுக்கு, ஏன் செய்தோம் என்பதை ஆங்கிலத்தில் நான்கு வரியில் எழுதுவது நிரலை எழுதுவதைவிடப் பாரமான வேலை. ஆயினும் இது எண்ணுகிற அளவுக்கு அச்சப்படவேண்டியதன்று. பராமரிப்பாளர்கள் இலக்கணத்துக்குப் புள்ளியிடுவதில்லை; சிறிய, நேரான வசனங்களையே விரும்புகிறார்கள். கேர்னலின் பழைய கொமிற் குறிப்புகள் அனைத்தும் நம் வன்தட்டிலேயே இருப்பதால், நல்ல குறிப்பு எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய பயிற்சி நூல் வேறில்லை. அதனை வாசிக்க ஒரு சதமும் செலவில்லை.

உழைத்தவரின் பெயரைக் காப்பதில் கிற்றின் நேர்மை குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பதிவிலும் எழுதியவர் பெயரும் சேர்த்தவர் பெயரும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. நம் திருத்தத்தைப் பராமரிப்பாளர் தம் கையால் எடுத்துச் சேர்த்தாலும், எழுதியவர் என்ற இடத்தில் நம் பெயரே நிற்கும். பெயரை எப்படி எழுதவேண்டும் என்றும் கருவி கட்டளையிடுவதில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, தந்தை பெயரை எதில் போடுவது என்று திகைக்க வைக்கும் படிவங்களுக்கு நடுவே, முதலெழுத்தோடு ஒரே பெயராகவோ தமிழ் எழுத்திலோ எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும் கருவி இது. மின்னஞ்சலில் மட்டும் கவனம் வேண்டும். ஒருமுறை பதிந்து வெளியே அனுப்பிய முகவரி, ஆயிரம் பேரின் பிரதிகளில் என்றென்றும் இருக்கும். பிறகு அழிக்க வழியில்லை. கிற்ஹப் தரும் மறைமுகவரியையோ, இதற்கென்றே திறந்த தனி முகவரியையோ தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்வது நல்லது, குறிப்பாக மாணவிகளுக்கு. கேர்னல் போன்ற திட்டங்கள், இந்த நிரலைத் தரும் உரிமை எனக்கு உண்டு என்று உறுதிகூறும் ஒப்ப வரியையும் கேட்கும். அதனை ஒரு சிறு தெரிவால் கிற் தானே சேர்த்துவிடும்.

கருவியைத் தாண்டி, அதைச் சூழ்ந்த தளங்களுக்கு வரும்போதுதான் கிற் மிச்சப்படுத்தித் தந்த டேற்றா கைநழுவுகிறது. கேர்னலும் கிற்றும் மின்னஞ்சலாலேயே திருத்தங்களைப் பெறுகின்றன. இங்கு இதுவே மிகச் சிக்கனமான வழி, மிகக் கடினமான வழியும்கூட. லிப்ரே ஓபிசும் விக்கிமீடியாவும், திருத்தங்களைப் பரிசீலிப்பதற்கான கெரிற் தளத்தை வைத்திருக்கின்றன. லினக்ஸின் திரைமுகப்புகளை உருவாக்கும் ஞோமும் கேடிஇயும், கிற்ஹப்பைப் போன்ற கிற்லாபுக்கு மாறிவிட்டன. மற்றவை பெரும்பாலும் கிற்ஹப்பில். 2021 ஓகஸ்ட்டிலிருந்து கிற்ஹப் கடவுச்சொல்லை ஏற்காமல் தனி அடையாளச் சரத்தையோ எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு முறை) சாவியையோ கேட்பதால், பழைய பாடக்குறிப்பைப் பார்த்துத் தொடங்கும் கனிஷ்ட மாணவர் முதல் நாளே சுவரில் மோதுகிறார். நிறுவன வலையமைப்புகள் பல எஸ்எஸ்எச்சுக்குரிய 22ஆம் வலையமைப்பு வாயிலை (port) மூடி வைத்திருப்பதுண்டு. 443ஆம் வாயில் வழியாகவும் கிற்ஹப் எஸ்எஸ்எச்சை ஏற்கும் என்பதை அறிந்தால் அந்தத் தடை நீங்கும்.

உண்மையான செலவு வேறெங்கோ இருக்கிறது. நிரலை இறக்கியாயிற்று, அதை ஓட்டிப் பார்க்கவேண்டுமே. ஜாவாஸ்கிரிப்ற் திட்டம் என்றால் அதன் சார்புப் பொதிகள் நூற்றுக்கணக்கான மெகாபைட். அன்ரொயிட் செயலி என்றால் ஜிகாபைட் கணக்கில் கருவித்தொகுப்பு. தேவையான சூழல் முழுவதையும் ஒன்றாக அடைத்த கொள்கலன் (container) வேண்டும் என்று சொல்லும் திட்டங்கள் இன்னும் மோசம். ஐந்து வரித் திருத்தத்துக்கு ஒரு மாத டேற்றாவைக் கேட்கும் திட்டங்கள் உண்டு. இதை எதிர்கொள்ள எங்களுக்கு உதவுவது, பல திட்டங்கள் தம் பரிசோதனைகளைச் சேவையகத்திலேயே ஓட்டும் வழக்கம். நாம் திருத்தத்தை அனுப்பினால், பல இயங்குதளங்களில் அது சரியாக ஓடுகிறதா என்று அங்கேயே சோதித்து முடிவை மட்டும் காட்டுகிறார்கள். அதற்காக, ஒன்றையும் தன் கணினியில் ஓட்டிப் பாராமல் அனுப்பிக்கொண்டிருப்பது நாகரிகமன்று. ஆகவே திட்டத்தைத் தெரிவுசெய்யும்போதே, அதைக் கட்டி ஓட்ட என்னென்ன இறக்கவேண்டும் என்று பார்த்துவிடுங்கள். சீ மொழியில் எழுதிய சிறு கட்டளைக் கருவிகள், பைத்தன் நூலகங்கள், ஆவணங்கள் ஆகியவை சிக்கனமானவை. தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன் தமிழ் என்னும் பைத்தன் நூலகம் போன்றவற்றில், எங்கள் மொழியறிவே தகுதியாகிவிடும் என்பது கூடுதல் நன்மை.

இந்த நாட்டுக்குத் திறந்த மூலம் புதிதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் தென்னிலங்கைக் கரையையும் ஒருங்கே அழித்தபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிந்து வைக்க இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருள், பின்னர் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெயிற்றியிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதையும் பெற்றது. மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் திறந்த மூலத் திட்டங்களில் நிரல் எழுத வைக்கும், கூகுள் 2005இல் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அந்த வரிசையில் வன்னி இல்லை என்று குறைபடுவதில் பயனில்லை. அங்கே சேர்வதற்குரிய தேர்வு எப்படி நடக்கிறது என்பதையே பார்க்கவேண்டும். கிற் திட்டமும் அதில் பங்கெடுக்கிறது. விண்ணப்பிப்போர் முன்கூட்டியே ஒரு சிறு திருத்தத்தை அனுப்பி, மதிப்பீட்டாளர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்துத் திருத்திக் காட்டவேண்டும் என்று அது கேட்கிறது. பணமோ சான்றிதழோ வருமுன், அந்தச் சிறு திருத்தமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒக்ரோபர் வந்தால், திறந்த மூலத் திருத்தங்களை ஊக்குவிக்கும் ஹக்ரோபர்ஃபெஸ்ற் நிகழ்வின் பெயரால் காற்புள்ளி மாற்றும் திருத்தங்களை அள்ளி வீசுவதை இதற்குரிய பயிற்சி என்று எண்ணவேண்டாம். 2020இல் அத்தகைய குப்பைத் திருத்தங்கள் பெருகியதால், விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டுமே கணக்கில் எடுக்கும்படி அதன் விதியே மாற்றப்பட்டது. 2023இல் இலவச ரீசேட்டும் வழங்கப்படவில்லை.

தமிழைக் கையாளுவதில் கிற்றுக்கு நடுத்தரமான மதிப்பெண்தான் கொடுக்கமுடியும். கொமிற் குறிப்பைத் தமிழில் எழுதலாம், கோப்புகளுக்கும் தமிழில் பெயரிடலாம். ஆனால் நிறுவியபடியே விட்டால் தமிழ்க் கோப்புப் பெயர்கள் பின்சாய்கோடும் எண்களுமாகக் காட்டப்படும். கோர்.குவோற்பாத் என்னும் அமைப்பை அணைத்தால் எழுத்துகள் திரும்பிவிடும். கட்டளைத் திரைகள் பலவற்றில் கொம்பும் காலும் பிரிந்து நிற்பது கிற்றின் குற்றமன்று. இன்னொரு நுட்பமான தொல்லை உண்டு. கொ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கிற் பைட்டுகளை ஒப்பிடுவதால் அதற்கு அவை வேறு. இரண்டு விசைப்பலகைகளில் இரண்டு பேர் திருத்திய மொழிபெயர்ப்புக் கோப்பில், ஒரு மாற்றமும் இல்லாத வரிகள் மாறியதாக வந்து நிற்கும். குழுவாகத் தமிழாக்கம் செய்பவர்கள், பதியுமுன் எழுத்துகளை ஒரே வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரலைக் கொக்கியாக (ஒவ்வொரு முறையும் தானே ஓடும்படி) மாட்டிவிடலாம். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்களைக் களஞ்சியத்தில் போடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒப்பீட்டுத் திரையில் அவற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழ்ப் பந்தி முழுவதையும் ஒரே வரியாக எழுதினால், ஒரு சொல் மாறினாலும் பந்தியே மாறியதாகக் காட்டும். சொல்வாரியாக ஒப்பிடும் தெரிவு அப்போது கைகொடுக்கும்.

மாற்றுக் கருவிகளைத் தேடவேண்டுமா? மேர்க்கூரியல் கற்க இலகுவானது, கட்டளைகள் தெளிவானவை. ஆனால் அதனை நெடுங்காலம் வைத்திருந்த பயர்ஃபொக்ஸ் திட்டமே 2025இல் கிற்றுக்கு மாறிவிட்ட பிறகு, மாணவர் ஒருவர் அதில் நேரம் செலவிடுவதில் பொருளில்லை. கிற்றின் கட்டளைகள் குழப்பமானவை என்ற குற்றச்சாட்டு உண்மை. ஒரே கட்டளை கிளை மாற்றவும் செய்யும், கோப்பை மீட்கவும் செய்யும். அதற்காக 2019இல் சுவிற்ச், ரிஸ்ரோர் என்று இரண்டு புதிய கட்டளைகளைப் பிரித்துத் தந்தும், பழைய பாடங்கள் பழையதையே ஓதிக்கொண்டிருக்கின்றன. புதியவர்கள் புதிய கட்டளைகளிலிருந்தே தொடங்கலாம். படமுகப்பு வேண்டுவோர் விண்டோஸ் நிறுவியோடு வரும் கிற் ஜியூஐயைப் பயன்படுத்தலாம். தோற்றம் பழையது, ஆனால் இணைப்பு இன்றியும் வேலை செய்கிறது.

படங்கள், ஒலிக்கோப்புகள், முப்பரிமாண மாதிரிகள் போன்றவற்றோடு வேலை செய்யும் மாணவர்களுக்கு மட்டும் இக்கருவியைப் பரிந்துரைக்கமாட்டேன். பெரிய இருமக் கோப்பை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏறத்தாழ முழு அளவிலேயே இன்னொரு பிரதி வரலாற்றில் சேரும். பின்னர் அக்களஞ்சியத்தை இறக்குபவர் ஒவ்வொருவரும் அத்தனையையும் இறக்கவேண்டியிருக்கும். கிற்றின் பெரிய கோப்பு நீட்சி அவற்றைச் சேவையகத்தில் வைத்து வேண்டியபோது தரும். எங்கள் ஊரில் வேண்டியபோது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதால், அத்தகைய கோப்புகளைத் தனி வன்தட்டில் திகதியிட்டு வைத்துக்கொண்டு, நிரலை மட்டும் கிற்றிடம் ஒப்படைப்பதே இப்போதைக்கு நடக்கக்கூடியது.